கூரை பொது, மீற்றர் தனி

வெள்ளவத்தையில் தொடர்மாடிகளில் இருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, நாங்களும் சோலர் போடலாமா?" கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். எங்கள் தொடர்மாடிக் கொமிட்டிக்குப் பொருளாளர். தெஹிவளையில் இருக்கும் அண்ணாவின் கரண்ட் பில்லையும் நான்தான் பார்த்துக் கொடுக்கிறேன். அதனால் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதிவைப்பது நல்லது. எழுதும்போது என் மனதில் இருக்கும் குறையையும் எழுதிவிடுகிறேன்: இந்தக் கூரைச் சோலர் திட்டங்கள் எல்லாம் சொந்தக் கூரையும் சொந்த மீற்றரும் உள்ளவர்களை நினைத்தே போடப்பட்டவை. கொழும்பில் எங்களைப் போன்றவர்களுக்குக் கூரை பொது, மீற்றர் தனி.

முதலில் அண்ணா வீட்டுக் கதை. 2017இல் ஓட்டுக் கூரையின் தெற்குப் பக்கத்தில் 4 கிலோவாட்டுக்குப் பனல் போட்டார். மதிலில் இருந்த பழைய மீற்றரைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் எண்ணும் மீற்றர் ஒன்றைப் பூட்டினார்கள். அதன் சின்னத் திரையில் எண்கள் மாறிமாறி வரும். ஒன்று வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்த யூனிற். மற்றது வீட்டிலிருந்து வெளியே போன யூனிற். பகலில் பனல் தரும் மின்சாரத்தை முதலில் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் மின்விசிறியும் எடுத்துக்கொள்ளும். அந்த யூனிற் இரண்டு கணக்கிலும் வராது. மிஞ்சியது மட்டும் தெருக் கம்பிக்குப் போகும். இரவில் வீடு தெருவிலிருந்து எடுக்கும். மாதக் கடைசியில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பார்கள்.

இந்தக் கழித்தல்தான் நெற் மீற்றரிங். பகலில் பக்கத்து வீட்டுக்கு ஒரு சுண்டு அரிசி கொடுத்து, இரவில் அதே சுண்டால் திருப்பி வாங்குவது போன்றது. காசு கைமாறாது. கூடக் கொடுத்திருந்தால் அது அடுத்த மாதக் கணக்கில் சேரும். இலங்கையில் முதலில் இருந்தது இந்த ஒரு முறைதான். 2016 செப்ரெம்பரில் அரசின் 'சூரிய பல சங்கிராமய' என்ற கூரைச் சோலர் திட்டம் தொடங்கியபோது இன்னும் இரண்டு சேர்ந்தன. நெற் எக்கவுண்டிங் என்பதில் கழித்தல் அதேதான், ஆனால் மிஞ்சிய யூனிற்றுக்குக் காசு வரும். நெற் பிளஸ் என்பதில் கழித்தலே இல்லை. உற்பத்தி முழுவதையும் விற்கிறீர்கள், பாவிப்பதற்கு மற்ற எல்லோரையும் போலப் பில் கட்டுகிறீர்கள்.

எது நல்லது என்று கேட்டால், வீட்டுப் பாவனையைப் பார்க்காமல் சொல்ல முடியாது. எங்கள் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 60 யூனிற்றைத் தாண்டினால் ஒரு படி, பிறகு 90, 120, 180. கடைசிப் படிதான் கழுத்தைப் பிடிப்பது. ஏசி ஓடும் வீட்டில் கழிபடும் யூனிற் முதலில் அந்தக் கடைசிப் படியிலிருந்துதான் கழியும். ஆகவே பெரிய பில் வரும் வீட்டுக்கு முதல் இரண்டு முறைகளும்தான் லாபம். குறைந்த படியில் இருக்கும் சின்னக் குடும்பத்துக்குக் கூரை மட்டும் பெரிதாக இருந்தால், முழுவதையும் விற்றுவிட்டு மலிவான யூனிற்றை வாங்குவது மேல். பனல் விற்க வருபவர் எல்லோருக்கும் ஒரே திட்டத்தைச் சொன்னால், கடைசிப் பன்னிரண்டு மாத பில்லை அவர் முன்னால் வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

அண்ணா எடுத்தது நெற் எக்கவுண்டிங். அப்போதைய உடன்படிக்கை 20 வருடத்துக்கு. முதல் 7 வருடம் மிஞ்சும் யூனிற்றுக்கு 22 ரூபா, மிச்ச 13 வருடமும் 15.50. 2024இல் அவருடைய விலை குறைந்தபோது அண்ணி, "என்ன, எங்களை ஏமாற்றிப் போட்டார்களா?" என்று கேட்டா. இல்லை. முதல் நாளே எழுதிக் கையெழுத்து வைத்த விலை அது. பனலுக்குப் போட்ட பணம் அந்த ஏழு வருடத்தில் திரும்ப வரட்டும் என்றுதான் அப்படி வைத்தார்கள்.

பிறகு சேர்ந்தவர்களுக்கு விலை மேலும் கீழுமாகப் போய்வந்தது. 2022இல் டொலர் ஏறிப் பனலும், பனல் தருவதை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேர்ட்டர் பெட்டியும் யானை விலை ஆனபோது புதியவர்களுக்கு 37 ரூபா தந்தார்கள். 2024இல் அதை 27 ஆக்கினார்கள். 2025இல் அளவுக்கு அளவு வேறு விலை வந்தது: 5 கிலோவாட் வரை 20.90, அதற்கு மேல் போகப் போக இன்னும் குறைவு. பனல் விலை இறங்கினால் வாங்கும் விலையும் இறங்கத்தான் வேண்டும். அதில் எனக்குச் சண்டை இல்லை. பெரிய ஆலைக் கூரைக்கும் நாலு பனல் போட்ட வீட்டுக்கும் ஒரே விலை கொடுக்காமல் பிரித்ததும் சரி. எனக்கு முக்கியமானது ஒன்றுதான்: கையெழுத்தான உடன்படிக்கையில் யாரும் கை வைக்கக்கூடாது. ஓய்வூதியப் பணத்தைப் போட்டவர்கள், வங்கிக் கடன் எடுத்தவர்கள் எல்லோரும் அந்தத் தாளை நம்பித்தான் போட்டார்கள்.

கரண்ட் கட் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் சோலர் கேட்பது அதற்காகத்தான். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. நட்ட நடு வெயிலில், கூரை நிறையப் பனல் வைத்துக்கொண்டு, அண்ணா வீடும் பக்கத்து வீட்டைப் போலவே கரண்ட் இல்லாமல்தான் இருந்தது. தெருவில் கரண்ட் இல்லையென்றால் இந்த வகை இன்வேர்ட்டர் தானாகவே நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவர், லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கை வைப்பார். அந்த நேரத்தில் ஒரு வீட்டிலிருந்து மின்சாரம் ஏறினால் அவருடைய உயிருக்கு ஆபத்து. அதற்கான பாதுகாப்பு அது, குறைபாடு இல்லை. மின்வெட்டிலும் விளக்கு எரியவேண்டும் என்றால் பற்றரியும் அதற்கேற்ற இன்வேர்ட்டரும் வேண்டும். அது தனிச் செலவு.

இனி நண்பகல் பிரச்சினைக்கு வருகிறேன். இதை விளங்காமல் சோலர் பற்றிப் பேசுவதில் பிரயோசனம் இல்லை.

சுண்டு அரிசிக் கணக்கு ஊரில் நாலு வீடு மட்டும் கொடுத்து வாங்கும்வரை நன்றாக ஓடும். மத்தியானம் எல்லா வீட்டிலும் அரிசி மிஞ்சி, இரவில் எல்லா வீட்டுக்கும் அரிசி வேண்டும் என்று ஆகிவிட்டால்? கூரைச் சோலர் நாட்டில் ஆயிரம் மெகாவாட்டை எப்போதோ தாண்டிவிட்டது. நுரைச்சோலை நிலக்கரி ஆலை முழுவதும் சேர்த்தே 900 மெகாவாட்தான். வேலை நாளில் கந்தோர்களும் ஆலைகளும் பகல் மின்சாரத்தை இழுத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை இழுக்க ஆள் இல்லை.

2025 பெப்ரவரி 9 ஒரு ஞாயிறு. மத்தியானத்துக்குச் சற்று முன்னர் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுவதும் கரண்ட் போனது. குரங்கு என்றதும் எல்லோரும் அதையே பேசிவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, ஒரு இடத்துப் பழுது ஏன் நாடு முழுவதையும் விழுத்தியது என்பது. பெரிய நீர், அனல் ஆலைகளில் சுழலும் கனத்த இயந்திரங்கள், எங்காவது அதிர்ச்சி வந்தால் தம் சுழற்சி வேகத்தால் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும். பனலில் சுழல எதுவும் இல்லை. அந்த ஞாயிறு நண்பகலில் பாவனை குறைவு, சோலரின் பங்கு அதிகம், தாங்கிப் பிடிக்கும் இயந்திரங்கள் கொஞ்சம். நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் நின்றுவிட்டன. அவற்றைத் திரும்ப ஓட்ட நாட்கள் எடுக்கும் என்பதால் அதற்கடுத்த நாட்களிலும் மின்வெட்டு வந்தது.

அதே வருடம் சித்திரைப் புத்தாண்டுக்கு, ஏப்ரல் 13 முதல் 21 வரை, பிற்பகல் 3 மணி வரை கூரைச் சோலரை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை எல்லோரையும் கேட்டுக்கொண்டது. ஏப்ரலில் சூரியன் கொழும்புக்கு நேர் மேலே நிற்கும், ஊர் முழுக்க லீவு. அண்ணா மறு பேச்சின்றி நிறுத்தினார். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதும் நியாயம்தான்: "வருடத்திலேயே நல்ல வெயில் அடிக்கிற நாளில் நிறுத்துவதென்றால், கடன் தவணைக்கு யார் பதில்?"

தெருவளவிலும் இதே பிரச்சினை உண்டு. எங்கள் நாட்டில் வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ற், அதில் நூற்றுக்கு 6 கூடலாம் குறையலாம். ஒரே ட்ரான்ஸ்ஃபோமரில் பல வீடுகள் பனல் போட்டு எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே தள்ளினால் அழுத்தம் ஏறும். எல்லையைத் தாண்டினால் இன்வேர்ட்டர் நின்றுவிட்டு, இறங்கியதும் திரும்ப ஓடும். அண்ணா வீட்டில் வெயில் உச்சியில் இருக்கும்போது அந்தப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து அணைவதை நானே நின்று பார்த்திருக்கிறேன். லைனின் கடைசி வீடுகளுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். ஆகவே புதிதாகப் போடுபவர்கள், உங்கள் ட்ரான்ஸ்ஃபோமரில் ஏற்கனவே எவ்வளவு சோலர் இருக்கிறது என்று காசு கட்டுவதற்கு முன்னரே விசாரியுங்கள்.

சரி, எங்கள் தொடர்மாடிக்கு வருவோம்.

ஆறு மாடி, 24 வீடு. மேலே கொங்கிறீட் சிலாப்பில் இரண்டு தண்ணீர்த் தாங்கி, லிஃப்ட் அறை, உடுப்புக் காயப்போடும் கொடிகள், இப்போது யாரும் பார்க்காத டிஷ் அன்ரனாக்கள். மிச்ச இடம் முழுக்க வெயில். கடல் பக்கம் என்பதால் மறைக்க ஒன்றும் இல்லை. அந்த வெயிலை நாங்கள் 24 குடும்பமும் வருடக்கணக்காக வீணாக்கிக்கொண்டிருக்கிறோம். மேல் மாடிக்காரருக்கு அதனால் ஏசிச் செலவும் கூட.

இப்போதைய விதியில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. லிஃப்ட், தண்ணீர் மோட்டர், படிக்கட்டு விளக்கு எல்லாம் ஓடும் பொது மீற்றருக்குச் சோலர் போடலாம். எங்கள் பொது மீற்றர் மாதம் 600 யூனிற்றுக்குக் கிட்ட ஓடும். கொழும்பில் ஒரு கிலோவாட் பனல் சராசரியாக மாதம் 110, 120 யூனிற் தரும். மழைக் காலத்தில் குறையும், பெப்ரவரி, மார்ச்சில் கூடும். அப்படிப் பார்த்தால் 5 கிலோவாட் போதும். பராமரிப்புக் கட்டணம் உயராமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இதற்காகத் தண்ணீர் மோட்டரின் நேரத்தையும் மாற்றினோம். காவலுக்கு இருக்கும் வோச்சர் ஐயா வழக்கமாக விடியப்புறமும் இரவு 7 மணிக்கும் மோட்டரைப் போடுவார். கீழ்த் தாங்கியிலிருந்து ஆறாம் மாடிக்கு மேலே தண்ணீர் ஏற்றும் 3 குதிரைவலு மோட்டர் அது. இரவு 7 மணி என்றால் நாடு முழுவதும் விளக்குப் போட்டுச் சமைக்கிற உச்ச நேரம். மாலை 6.30 முதல் 10.30 வரைதான் மின்சாரம் உற்பத்தி செய்ய ஆகச் செலவு கூடிய நேரம், டீசலையும் எரிக்கவேண்டி வரும். மேல் தாங்கிகள் ஒரு நாளைக்குப் போதுமான தண்ணீர் பிடிக்கும். மத்தியானம் 12 மணிக்கு நிரப்பினால் இரவுக்கு இருக்கும். தாங்கி நிறைந்ததும் மோட்டரை நிறுத்தும் மிதவையும் நேர சுவிற்சும் போட வந்த மின்வேலை பாஸ் அரை நாளில் வேலையை முடித்துவிட்டார். பனல் வருவதற்கு முன்னரே இதைச் செய்யலாம், எல்லாத் தொடர்மாடிகளும் செய்யவேண்டும். நண்பகல் மின்சாரம் மிஞ்சுகிறது என்று நாடு தவிக்கும்போது கொழும்பில் இத்தனை ஆயிரம் தண்ணீர் மோட்டர்கள் ஏன் இரவில் ஓடவேண்டும்?

பொது மீற்றரோடு விதி நின்றுவிடுகிறது. மேலே இன்னும் 10 கிலோவாட்டுக்கு இடம் இருக்கிறது. பனலுக்கு மட்டும் ஏறக்குறைய 600 சதுர அடி, நடந்து துடைக்க வழி விட்டால் கொஞ்சம் கூட. அது மாதம் 1,150 யூனிற் தரும் என்று வையுங்கள். 24 வீட்டுக்கும் பிரித்தால் வீட்டுக்கு 48 யூனிற். 200 யூனிற் பாவிக்கும் வீடு 152க்கு இறங்கிவிடும், அதாவது கடைசிப் படியிலிருந்தே தப்பிவிடும். பெரிய பணக்காரருக்கு இது ஒன்றும் இல்லை. எங்கள் மூன்றாம் மாடியில் இரண்டு பிள்ளைகளோடு வாடகைக்கு இருக்கும் தங்கச்சிக்கு இது மாதத்தில் ஒரு நல்ல சாமான் பில்.

ஆனால் கூரையில் விளையும் யூனிற்றைக் கீழே இருக்கும் 24 மீற்றர்களில் பங்கிட்டுக் கழிக்க இப்போது வழி இல்லை. கழித்தல் ஒரு கூரை, ஒரு மீற்றர் என்றுதான் நடக்கும். கூரையை ஒரு கம்பனிக்கு வாடகைக்குக் கொடுத்து எல்லாவற்றையும் விற்கும் நெற் பிளஸ் பிளஸ் என்ற வழி உண்டு. அதில் கொமிட்டிக்குக் கொஞ்சம் வாடகை வரும். கொடுக்கும் விலைக்கும் அதே வீடுகள் மேல் படியில் வாங்கும் விலைக்கும் இடையில் உள்ள வித்தியாசம் மட்டும் குடியிருப்பவர் கைக்கு வராது.

இது செய்ய முடியாத வேலையும் இல்லை. டெல்லியில் 2019இலேயே இதற்கு விதி போட்டுவிட்டார்கள். வேர்ச்சுவல் நெற் மீற்றரிங் என்பார்கள். ஓர் இடத்தில் பனல், முன்கூட்டியே எழுதிக்கொடுத்த விகிதத்தில் பல வீட்டுப் பில்களில் கழிவு. புதுக் கம்பி இழுக்கத் தேவையில்லை, மாற்றம் முழுவதும் பில் போடும் கணினியில்தான். ஜேர்மனியில் வாடகைக்கு இருப்பவர்கள்கூட பல்கனிக் கம்பியில் பனலைத் தொங்கவிட்டுச் சாதாரண பிளக்கில் செருகுகிறார்கள். 2024 முதல் 800 வோட் வரை எளிதாகப் பதிவு செய்துகொள்ளலாம். எங்கள் கடல் காற்றுக்கும் மாடி உயரத்துக்கும் பல்கனி முறையை நான் சொல்ல மாட்டேன். டெல்லி முறை எங்களுக்கு அப்படியே பொருந்தும்.

"ஏற்கனவே நண்பகலில் மிஞ்சுகிறது, இன்னும் எதற்கு?" என்று கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். என் பதில் இரண்டு. ஒன்று, தொடர்மாடி என்பது பகலிலும் மின்சாரம் பாவிக்கும் இடம். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள், வயதானவர்கள், லிஃப்ட், மோட்டர், ஏசி எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. கூரையில் விளைவதில் பெரும் பங்கு கீழ் மாடிகளிலேயே செலவாகிவிடும். ஊர்க் கோடியில் ஒரு தனி வீடு தெருவுக்குத் தள்ளுவதைவிட இதனால் கம்பிக்குச் சுமை குறைவு. இரண்டு, பற்றரி. மாலை உச்ச நேரத்தில் பற்றரியிலிருந்து தரும் மின்சாரத்துக்குக் கூடிய விலை தருவதாக அறிவித்திருக்கிறார்கள். 24 வீடு சேர்ந்து ஒரு பற்றரி வாங்குவது தனி வீடு ஒன்று வாங்குவதைவிட எவ்வளவோ மலிவு. மின்சாரம் வழங்குபவர்களுக்கும் 24 இடத்தைக் கட்டுப்படுத்துவதைவிட ஒரு இடத்தைக் கட்டுப்படுத்துவது சுலபம்.

சோலர் யூனிற்றுக்குக் கொடுக்கும் விலை எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். எல்லோருடைய பில்லிலிருந்தும்தான். பனல் போட முடியாத தொடர்மாடிக்காரரும், கொட்டாஞ்சேனைச் சின்ன வீட்டுக்காரரும், தோட்ட லயத்தில் இருப்பவரும் கட்டும் காசு அதில் இருக்கிறது. இரவு முழுவதும் தெருக் கம்பியை நம்பியிருக்கும் ஒரு பெரிய வீடு, கழித்தல் முடிந்து நிலையான கட்டணத்தை மட்டும் கட்டினால், கம்பத்தையும் கம்பியையும் பராமரிக்கும் செலவு மற்றவர்கள் தலையில் கூடுதலாக விழும். அண்ணாவிடமே இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் உங்களுக்கும் பங்கு வரவேண்டும்தானே" என்றார். அதைத்தான் நானும் கேட்கிறேன்.

தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு இப்போது நான் சொல்வது: கொமிட்டிக் கூட்டத்தில் பொது மீற்றர் சோலரை நிகழ்ச்சி நிரலில் போடுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னர் கட்டடப் பொறியியலாளரைக் கொண்டு சிலாப் தாங்குமா, நீர் கசியுமா என்று பார்ப்பியுங்கள். பனலின் கால்களுக்குத் துளை போட்ட இடத்தில்தான் பிறகு மேல் மாடியில் ஒழுக்கு வரும். கடலோரம் என்பதால் சட்டம் அலுமினியமாகவும் ஆணி, நட் எல்லாம் நல்ல துருப்பிடிக்காத இரும்பாகவும் இருக்கவேண்டும் என்று விலைமனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். மலிவு ஆணி இந்த உப்புக் காற்றுக்கு நின்றுபிடிக்காது. காகம் நிறைய உள்ள இடம், துடைக்க ஆள் யார் என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள்.

அப்புறம், மின்கட்டணம் மாற்றும்போதெல்லாம் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. எழுத்திலும் கொடுக்கலாம், தமிழிலேயே கொடுக்கலாம். எங்கள் கொமிட்டி அடுத்த முறை கொடுக்கப்போகிறது. ஒரு தொடர்மாடி கேட்டால் ஒரு கடிதம், வெள்ளவத்தைக் காலி வீதியின் இரண்டு பக்கமும் உள்ளவர்கள் கேட்டால் அது வேறு. எழுதும்போது உங்கள் கட்டடத்தில் எத்தனை வீடு, கூரையில் வெயில் படும் இடம் எத்தனை சதுர அடி, பொது மீற்றரின் மாதப் பாவனை எத்தனை யூனிற் என்ற மூன்றையும் மறக்காமல் போடுங்கள். கணக்குப் போடத் தெரியவில்லை என்றால் பன்னிரண்டு மாத பில்லை எடுத்துக்கொண்டு வாருங்கள், இருந்து போட்டுத் தருகிறேன்.